பெரிய ஆலயமா, வீட்டு ஜெபக்கூட்டமா, லைவ் ஆராதனையா: பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை எங்கே கூடுவது?

வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள் "அண்ணா, இங்கே எந்தச் சர்ச்சுக்குப் போகலாம்?" என்று கேட்பது பழைய வழக்கம். முன்பெல்லாம் சி.எஸ்.ஐ.யா (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்.சி.யா, லூத்தரனா, பெந்தெகொஸ்தேயா என்று திருப்பிக் கேட்டுவிட்டு வழி சொன்னால் போதும். இப்போது கேள்வியே வேறு. எலக்ட்ரானிக் சிட்டியில் தங்கியிருக்கிற பையன் சிவாஜிநகர் வர 20 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஆறு நாள் சில்க் போர்டு சிக்னலில் வெந்துவிட்டு ஏழாவது நாளும் அதே ரோடா என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஊர்ச் சபையின் ஆராதனை போனிலேயே லைவாக வருகிறது, அறை நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஜெபிக்கிறார்கள், பிறகு எதற்குப் போக வேண்டும் என்கிறான். நியாயமான கேள்விதான், அதட்டி வாயை அடைப்பது சரியில்லை.

பொதுவாக இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பிரசங்கம் எப்படி, பாட்டு எப்படி, பார்க்கிங் உண்டா என்று பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் போன்தான் ஜெயிக்கும். உலகத்திலேயே நல்ல பிரசங்கியார் உங்கள் கட்டிலுக்கே வந்துவிடுகிறார். நான் வேறு அளவுகோல் வைக்கிறேன்: இந்த வாரம் நான் வராவிட்டால் அங்கே யாருக்காவது ஏதாவது குறையுமா? இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்கிற எபிரெயர் 10:25-ஐ ஆள் வராதபோது மிரட்டத்தான் நம்மவர்கள் எடுக்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். அன்புக்கும் நற்கிரியைக்கும் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனிப்பதுதான் அங்கே காரணமாகச் சொல்லியிருக்கிறது. நான் என்ன வாங்கிக்கொண்டு வந்தேன் என்ற கணக்கு அதில் இல்லை.

முதலில் லைவ். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு வழியே இல்லை, அந்த மாதங்களில் அது நம்மைத் தாங்கியது என்பதை மறக்கக் கூடாது. இன்றைக்கும் படுக்கையில் இருக்கிற தாத்தாவுக்கும், நைட் ஷிஃப்ட் முடித்து வருகிற நர்ஸுக்கும், குழந்தையை விட்டு நகர முடியாத தாய்க்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் ஸ்க்ரீன் வழியே சேர்ந்து பாட முடியாது. வீடியோ காலில் ஜெபக்கூட்டம் நடத்தியவர்களுக்குத் தெரியும், சத்தம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேர்வதால் பத்துப் பேர் ஒரு கீர்த்தனையைப் பாடினால் பத்து இடத்தில் இழுக்கும், கடைசியில் எல்லோரையும் ம்யூட்டில் போடச் சொல்லிவிட்டு ஒருவர் மட்டும் பாடுவார். யூடியூப் லைவில் அதுவும் கிடையாது. நீங்கள் சொல்கிற ஆமென் யார் காதிலும் விழாது. அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்தோ நற்கருணையோ கைக்கு வராது. சில சபைகள் வீட்டிலேயே அப்பமும் திராட்சரசமும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கத்தோலிக்கர்கள் ஆவிக்குரிய விதத்தில் நற்கருணை வாங்கும் ஜெபத்தைச் சொன்னார்கள். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை, இரண்டுமே ஒரு பசியின் அடையாளம்.

இந்த இடத்தில் ஆதித் திருச்சபையின் அறிஞர் யுஸ்தீன் எழுதியது ஒன்று உண்டு. இரண்டாம் நூற்றாண்டில், ஏறத்தாழ 155-ல், ரோமில் இருந்துகொண்டு அந்தோனினுஸ் பயுஸ் பேரரசனுக்குக் கிறிஸ்தவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று விளக்கி எழுதினார். பட்டணத்திலும் நாட்டுப்புறத்திலும் இருக்கிற எல்லோரும் ஞாயிறன்று ஓரிடத்தில் கூடுகிறார்கள், அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் வாசிக்கப்படுகின்றன, நடத்துகிறவர் புத்தி சொல்கிறார், அப்பமும் ரசமும் கொண்டுவரப்படுகின்றன, ஜனங்கள் ஆமென் என்கிறார்கள். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது. வர முடியாதவர்களுக்கு? உதவிக்காரர்கள் அவர்கள் பங்கைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள். படுக்கையில் இருக்கிறவருக்கு லிங்க் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிற எந்தச் சபையும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். லிங்க்கும் அனுப்பட்டும், ஆளும் போகட்டும்.

ஆக, போக முடியாதவர்களுக்கு லைவ் ஒரு ஊன்றுகோல். நடக்கிற காலோடு இருக்கிற 26 வயதுப் பையன் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அடுத்தது வீட்டுக் கூட்டம். இதன் பக்கம் இருக்கிறவர்களுக்கு வேதத்திலேயே வலுவான ஆதாரம் உண்டு. ரோமில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் சபை கூடியது. பிலேமோன் வீட்டிலும் கூடியது. லிங்கராஜபுரத்திலோ மடிவாளாவிலோ ஒரு வாடகை வீட்டு ஹாலில் வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் பாய் விரித்து உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவாரோ என்று தாளத்தைத் தொடையிலேயே மெதுவாகத் தட்டிப் பாடுவார்கள். அப்புறம் ஜெபக் குறிப்பு. ஒரு தம்பிக்கு கம்பெனியில் வேலையை விட்டு அனுப்புகிற லிஸ்ட்டில் பெயர் வந்திருக்கிறது, ஒரு அக்காவுக்கு நாளைக்கு ஸ்கேன், ஒருவர் தங்கை கல்யாணக் கடனைச் சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் சொல்கிறார். முந்நூறு பேர் உட்காருகிற ஆலயத்தில் இதை எழுந்து சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒவ்வொருவனும் ஏதாவது கொண்டுவருகிறான், ஒருவனுக்குச் சங்கீதம், ஒருவனுக்குப் போதகம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது (1 கொரி. 14:26) இங்கேதான் அப்படியே நடக்கிறது. நீங்கள் வராவிட்டால் பாயில் இடம் காலியாகத் தெரியும். அன்று ராத்திரியே போன் வரும்.

ஆனால் வீட்டுக் கூட்டத்துக்கு யாரை அழைக்கிறோம்? ஒரே ஊர்க்காரர், ஒரே கம்பெனிக்காரர், ஒரே வயசுக்காரர், வெளிப்படையாகச் சொன்னால் பல இடங்களில் ஒரே சாதிக்காரர். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. தெரிந்தவரை அழைக்கிறோம், தெரிந்தவர் எல்லாம் நம் ஆளாகவே இருக்கிறார். அதே கொரிந்து சபையும் வீடுகளில் கூடியதுதான், அங்கே வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்க இல்லாதவர்கள் பட்டினியாய் இருந்தார்கள். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று பவுல் கண்டித்து எழுத வேண்டியிருந்தது. சின்னக் கூட்டம் என்பதாலேயே அது சுத்தம் என்று ஆகிவிடாது. இந்த விஷயத்தில் கத்தோலிக்கர்களின் அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் குழு அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பங்கைத் தெரு வாரியாகப் பிரித்திருப்பதால் உங்கள் தெருவில் யார் இருக்கிறாரோ அவரோடுதான் உட்கார வேண்டும், ஆள் பார்த்துச் சேர முடியாது.

இனி பழைய ஆலயம். 1809-ல் இங்கே கன்டோன்மென்ட் என்கிற ராணுவக் குடியிருப்பு வந்தபோது படையோடும் படையை நம்பிப் பிழைத்தவர்களோடும் திரளாகத் தமிழர்கள் வந்தார்கள். சிவாஜிநகர், அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கத்துத் தமிழ்ச் சபைகள் பலவற்றின் வேர் அதில்தான் இருக்கிறது. சிவாஜிநகர் மரியன்னை ஆலயம் 1974-ல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது. செப்டம்பர் 8 திருவிழாவில் தேர் வரும்போது அந்தக் கூட்டத்துக்குள் நின்றவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நம் சி.எஸ்.ஐ.யோ 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று பல சபைகள் சேர்ந்தே உண்டானது. கூடுவது என்பது அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

1950-ல் சி.எஸ்.ஐ. உருவாக்கிய திருவிருந்து முறையில் சமாதானம் பகிர்தல் என்று ஒன்று உண்டு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்தை ஒட்டியது. ஆயர் தம்மோடு நிற்பவருக்குக் கொடுப்பார், அவர் இறங்கி வந்து முதல் வரிசைக்குக் கொடுப்பார், அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் போகும். என் வலது உள்ளங்கை உங்கள் வலது உள்ளங்கையோடு சேரும், என் இடது கை உங்கள் வலது கையின் மேல் மூடும், உங்கள் இடது கை என் வலது கையின் மேல். இதைச் சரியாகச் செய்தால் இரண்டு விநாடி கையை எடுக்க முடியாது, முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். வரிசையில் எனக்கு அடுத்து அப்பார்ட்மென்ட் செக்யூரிட்டி வேலை பார்க்கிற ஐயா இருக்கலாம், ரிட்டயர்டு வங்கி மேனேஜர் இருக்கலாம், போன கமிட்டி எலெக்‌ஷனில் என்னோடு முகம் முறித்தவரும் இருக்கலாம். நான் தேர்ந்தெடுக்காத கை அது. போனிலும் இது கிடையாது, வேண்டியவர்கள் மட்டும் கூடுகிற ஹாலிலும் கிடையாது.

குறைகளும் சின்னதில்லை. ஒரு வருஷம் வந்துபோயும் பெயர் கேட்க ஆள் இல்லாத சபைகளை எனக்குத் தெரியும். ஆசீர்வாதம் சொன்ன அடுத்த நிமிஷம் எல்லோரும் வண்டிச் சாவியைத் தேடுகிறார்கள். என் அளவுகோலை வைத்தால் இங்கே பெரிய ஆலயம் தோற்கிறது: நீங்கள் வராவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. நெல்லைப் பக்கத்துச் சபைகளில் அசனம் வைத்து எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிறார்களே, அது வருஷத்துக்கு ஒருமுறை என்றில்லாமல் மாதம் ஒரு ஞாயிறு டீயும் பன்னுமாக நடந்தால்கூடப் பாதிக் குறை தீரும்.

எல்.இ.டி. திரையும் புகை மெஷினுமாக நடக்கிற பெரிய ஹால் ஆராதனைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இளைஞர்களை உள்ளே கொண்டுவருகிறார்கள், அது உண்மை. ஆனால் வெளிச்சம் மேடையில் மட்டும் இருக்க, பக்கத்தில் நிற்பவர் முகம் இருட்டில் இருக்கிறது.

அதனால் அந்த எலக்ட்ரானிக் சிட்டிப் பையனுக்கு நான் சொல்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வா, வாராவாரம் முடியாவிட்டால் திருவிருந்து ஞாயிறையாவது விடாதே. வார நாளில் உன் ஏரியாவிலேயே ஒரு சின்னக் கூட்டத்தில் உட்கார், அதில் உன் ஊர் அல்லாத ஒருவரையாவது நீயே கூட்டிக்கொண்டு வா. லைவை அம்மாவுக்கு விட்டுவிடு.

தமிழா இங்கிலீஷா என்ற கேள்வி மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் பள்ளியில் இங்கிலீஷும் கன்னடமும் படிக்கிறார்கள், பாமாலைப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டக்கூட வருவதில்லை. அவர்களை இங்கிலீஷ் ஆராதனைக்கு அனுப்பிவிட்டுத் தாத்தா பாட்டி காலைத் தமிழ் ஆராதனைக்குப் போனால் ஒரே வீடு இரண்டு சபையாகிவிடுகிறது. அவர்களைத் தமிழில் உட்கார வைத்தால் ஒன்றரை மணி நேரம் புரியாமல் நெளிகிறார்கள். எங்கள் சபையில் இப்போதைக்கு வேதபாடங்களில் ஒன்றை இங்கிலீஷிலும் வாசிக்கிறோம், பாட்டு வரிகளை இங்கிலீஷ் எழுத்திலும் திரையில் போடுகிறோம். பெரியவர்களில் சிலருக்கு அதில் வருத்தம் உண்டு, அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.