மூன்று வருடம் எரிந்த லோகோ விளக்கு

டோக்கியோவில் ஒரு ஸ்ட்ரீட்வேர் கடைக்கு ஹூடி வாங்கப் போனவன் காகித விளக்கோடு திரும்பினேன். வெள்ளை வாஷி, அதாவது ஜப்பானியக் கைவினைக் காகிதம், நடுவே கறுப்பில் பிராண்டின் லோகோ. விலை 28,000 யென். மூன்று வருடமாகத் தினமும் எரிகிறது. பிராண்டின் பெயர் வேண்டாம், குறை சொல்லப் போகிறேன்.

முதலில் நல்லது. இது கியோட்டோ பாணி. மூங்கில் வளையங்களைத் தனித்தனியாகச் செய்து, நூலால் பிணைத்து, மேலே காகிதம் ஒட்டுவார்கள். ஒரே மூங்கில் கீற்றைச் சுருளாகச் சுற்றிச் செய்வது இன்னொரு வகை. வேலை சீக்கிரம் முடியும், இந்த உறுதி வராது. வீடு மாறியபோது ஒரு பெட்டி சரிந்து இதன்மேல் விழுந்தது. ஒரே ஒரு வளையம்தான் முறிந்தது. கிழிசலில் மாவுப் பசை தடவி வாஷித் துண்டு ஒட்டினேன். எரியும்போது அந்த இடம் மட்டும் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். எல்இடி பல்ப் என்பதால் சூட்டுப் பயமும் இல்லை.

அப்புறம் லோகோ. ஹூடிக்கு வரைந்த மெல்லிய எழுத்தை அப்படியே அச்சடித்துவிட்டார்கள். விளக்கோ மடித்து விரிக்கிற சாமான். ஒரே வருடத்தில் மடிப்புக்கு மடிப்பு மை உதிர்ந்து, எழுத்து கோடு கோடாகப் பிளந்துவிட்டது. எங்கள் தெருமுனை இசகாயா (ஜப்பானிய மதுக்கடை) வாசலில் எண்ணெய் பூசிய சிவப்புக் காகித விளக்கு ஒன்று மழையிலும் புகையிலும் கிடக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். தூரிகை எழுத்து, இரண்டு விரல் பருமன். மேட்டிலும் பள்ளத்திலும் மை ஊறிப் போயிருக்கிறது. உதிர என்ன இருக்கிறது!

விளக்கில் பெயர் போட்டு ஆள் கூப்பிடுவது இந்த ஊரில் பழைய வியாபாரம். டோக்கியோவின் அசகுசா பகுதியில், சென்சோஜி கோயிலின் காமினாரிமோன் வாயில் விளக்கையே பாருங்கள். 3.9 மீட்டர் உயரம், சுமார் 700 கிலோ. 1960இல் அந்த வாயிலைக் கட்டிக் கொடுத்தவர் பானசோனிக் கம்பெனியைத் தொடங்கிய மத்சுஷிதா கோனோசுகே. காகிதத்தில் வாயிலின் பெயர்தான், அதுவும் ஆள் உயரத்துக்கு. அவருடைய கம்பெனி பெயர் கீழே உலோக வளையத்தில் இருக்கிறது. புயல் வந்தால் அந்த விளக்கையும் மடித்துத் தூக்கிவிடுவார்கள். 2013இல் புதுப்பித்தது 2020 வரை தாங்கியது.

என் விளக்கின் லோகோ இப்போது சுவரைப் பார்த்துத் தொங்குகிறது. வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை.