ஜிஎல்ஓ நில ஆவணத் தளம்: டவுன்ஷிப் வரலாறு தேடுவோருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

அமெரிக்க மத்திய மேற்கில் ஒரு டவுன்ஷிப்பின் (சதுரமாக அளந்து பிரித்த நிலக்கட்டம்) பூர்வீகத்தைத் தோண்டுகிறவர்கள் முதலில் போய் நிற்கும் இடம், அந்நாட்டு நில மேலாண்மைத் துறை நடத்தும் ஜிஎல்ஓ (ஜெனரல் லேண்ட் ஆபீஸ்) ரெக்கார்ட்ஸ் தளம். 1788 முதல் மத்திய அரசு வழங்கிய ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நில ஆவணங்களின் படங்கள் இலவசம். முதல் பட்டா யார் பெயரில் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அதன்பின் நிலம் கைமாறிய விவரம் இதில் இல்லை. அதற்குக் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவாளரிடம்தான் போக வேண்டும்.

பெயரில் தொடங்கினால் பாதி நேரம் வீண். பழைய கையெழுத்தைப் படித்து ஏற்றியவை என்பதால் ஜெர்மன், நார்வே பெயர்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கும். இடத்தை வைத்துத் தேடுங்கள். அர்பானா ஊருக்கு: மாநிலம் இல்லினாய், மெரிடியன் (அளவைக்கு அடிப்படையான வடக்கு-தெற்குக் கோடு) மூன்று, டவுன்ஷிப் 19 வடக்கு, ரேஞ்ச் (அந்தக் கோட்டிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எண்ணும் வரிசை) 9 கிழக்கு. செக்‌ஷன் என்ற உட்பிரிவைக் காலியாக விட்டால் அந்தச் சதுரத்தின் பட்டாக்கள் மொத்தமாக வரும். பலர் சறுக்குவது மெரிடியனில். இல்லினாயில் இரண்டு, மூன்று, நான்கு என மூன்று மெரிடியன்கள் ஓடுகின்றன. தவறானதைத் தேர்ந்தால் எங்கோ இருக்கும் நிலம் வந்து நிற்கும். இன்னொன்று, தளத்துக்குத் தெரிந்தது சர்வே டவுன்ஷிப் மட்டுமே. சாலையும் வரியும் பார்க்கும் உள்ளாட்சி டவுன்ஷிப் வேறு. எல்லை ஒத்துப்போக வேண்டியதில்லை. இல்லினாயின் 102 கவுன்டிகளில் 17-இல் அந்த உள்ளாட்சியே இல்லை, சர்வே சதுரங்கள் மட்டும் உண்டு.

ஒரு டவுன்ஷிப் ஆறு மைல் சதுரம். 640 ஏக்கர் வீதம் 36 செக்‌ஷன்கள். எண்கள் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும், ஏர் ஓட்டுவது போல. கிழக்கு ஒஹாயோவின் 'செவன் ரேஞ்சஸ்' 1785 சட்டப்படி அளந்தது; அங்கே எண்கள் தென்கிழக்கு மூலையிலிருந்து வடக்கே ஏறும். இதைக் கவனிக்காவிட்டால் பக்கத்துக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களில் ஒழுங்கற்ற ஏக்கர் கணக்கோடு 'லாட் 1', 'லாட் 2' என்று வருவது பிழையல்ல. தீர்க்கரேகைகள் வடக்கே நெருங்குவதாலும் அளவுப் பிசகாலும் வரும் கூடுதல் குறைவை அந்த ஓரங்களில்தான் தள்ளினார்கள்.

பட்டாவில் முதலில் பார்க்க வேண்டியது சட்ட வரி, அதாவது எந்த ஆண்டுச் சட்டப்படி நிலம் தந்தார்கள் என்பது. 1820 என்றால் ஏக்கர் 1.25 டாலருக்கு ரொக்கக் கொள்முதல். 1855 என்றால் போர்வீரருக்குக் கிடைத்த வாரண்ட் (நிலம் பெறும் உரிமைச்சீட்டு). வீரர் பெயரும் பட்டாதாரர் பெயரும் வேறாக இருந்தால் வாரண்ட் கைமாறியிருக்கிறது, வீரர் அந்த மண்ணை மிதித்தே இருக்க மாட்டார். 1862 என்றால் ஐந்தாண்டு குடியிருந்து பெற்ற ஹோம்ஸ்டெட் நிலம். பட்டா தேதியைக் குடியேறிய தேதியாக எழுதிவிடாதீர்கள். ரொக்கக் கொள்முதலில் பணம் கட்டிப் பல மாதம் கழித்தே பட்டா வரும். ஜனாதிபதி கையெழுத்தைப் பார்த்துப் பூரிக்கவும் வேண்டாம், 1833-க்குப் பின் அவருக்காகச் செயலாளர் போட்டதுதான்.

தனியார் பட்டா எதுவும் வராத கட்டங்கள்தான் சுவாரசியம். 16-ஆம் செக்‌ஷன் பள்ளிக்கு ஒதுக்கியது. இல்லினாய் சென்ட்ரல் ரயில்பாதைக்கு இருபுறமும் ஆறு மைலுக்குள் விற்காமல் கிடந்த இரட்டைப்படை செக்‌ஷன்கள் 1850-இல் மாநிலம் வழியாக ரயில்வேக்குப் போயின; மீதியின் விலையை 2.50 டாலராக்கினார்கள். அதே ஆண்டு சதுப்பு நிலங்களும் மாநிலத்தின் கைக்கு வந்தன. இவற்றின் விற்பனை இல்லினாய் மாநில ஆவணக் காப்பகத்தின் தரவுத்தளத்தில் தனியாகக் கிடக்கிறது. தளம் அங்கே போகச் சொல்வதில்லை, பெரிய குறை அது.

சர்வே வரைபடங்களும் உண்டு. தூரமெல்லாம் 66 அடிச் சங்கிலியில், நம் பழைய புலப்படங்களில் வரும் அதே லிங்க் கணக்கு. ஆனால் மூலைமரம், ஓடை அகலம், மண் தரம் எல்லாம் இருப்பது அளவையாளரின் களக்குறிப்பில். விஸ்கான்சினுக்கு அதை அம்மாநிலப் பல்கலைக்கழகத் தளத்தில் பார்க்கலாம். ஹோம்ஸ்டெட்டுக்காரரின் வீட்டு அளவு, உழுத ஏக்கர், சாட்சி வாக்குமூலம் வேண்டுமானால் பட்டா எண், நில அலுவலகம், நில விவரம் மூன்றையும் ஜிஎல்ஓ தளத்திலிருந்து குறித்துக்கொண்டு, தேசிய ஆவணக் காப்பகத்தில் என்ஏடிஎஃப் 84 படிவம் போட வேண்டும்.