முற்றம் தாண்டாத வைஃபை: ரிப்பீட்டரா, மெஷ்ஷா, ஒயரா?

கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகள் அகலம் கம்மி, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், சமையல்கட்டு, கொல்லை என்று ரயில்பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான். ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர், கேபிள் தெருவிலிருந்துதானே வருகிறது என்று ரேழி ஜன்னலுக்கு மேலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனார். தெருவில் போகிறவருக்குச் சிக்னல் முழுசாகக் கிடைக்கும். சமையல்கட்டில் அம்மாவின் யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கும். 50 எம்பிபிஎஸ் திட்டம். அங்கே அளந்தால் 3.

புதிதாக எந்தப் பெட்டியும் வாங்குவதற்கு முன், இருக்கிற ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள். எங்களுடையதை முற்றத்துத் தாழ்வாரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே மாற்றினோம். ஒன்றரை அடி செங்கல் சுவரைத் துளைப்பதைவிட, திறந்த முற்றத்தைத் தாண்டுவது சிக்னலுக்குச் சுலபம். சமையல்கட்டில் 3 என்பது 14 ஆனது. மழை வந்தால் முற்றத்தில் சிக்னல் கரையும் என்று மாமா பயமுறுத்தினார். நாலு மீட்டர் மழை வைஃபையை ஒன்றும் செய்யாது. மழைக்குப் போவது கரண்ட்தான்.

அடுத்தது ரிப்பீட்டர், வருகிற சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி. விலை குறைவு, பிளக்கில் செருகினால் போதும். ஆனால் பாதிப் பேர் இதைச் சிக்னலே வராத அறையில் செருகிவிட்டுத் திட்டுகிறார்கள். வராததை அது எங்கிருந்து திருப்பி அனுப்பும்? நல்ல சிக்னல் கிடைக்கிற பாதி வழியில் வைக்க வேண்டும். மலிவான ரகங்கள் ஒரே சேனலில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வாட்ஸ்அப்புக்குச் சரி, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போதாது.

மெஷ் என்பது வீட்டில் பல இடங்களில் வைக்கும் பெட்டிகள் ஒரே வைஃபையாகச் சேர்ந்து வேலை செய்யும் அழகான ஏற்பாடு. வீடு முழுக்க ஒரே பெயர். போனோடு நடந்தால் அதுவே பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொள்ளும். தஞ்சாவூர்ப் புறநகரில் கட்டுகிற மாடி வீடு என்றால் தயங்காமல் வாங்கலாம். பழைய வீட்டில் சிக்கல் என்னவென்றால், பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் காற்றில்தான். ரவுட்டரைத் தடுத்த சுவர் மெஷ்ஷையும் தடுக்கும். வைஃபை அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவருக்குச் சீக்கிரம் தோற்கும்.

மின்கம்பி வழியாகவே இன்டர்நெட் அனுப்பும் அடாப்டர் என்று ஒன்று இருக்கிறது. பழைய வயரிங்கும் மூன்று ஃபேஸும் உள்ள வீட்டில் நான் அதை நம்ப மாட்டேன்.

என் ஓட்டு ஒயருக்கு. கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும். நம் வீடு எவ்வளவு நீளம் என்றாலும் அதற்குள் அடங்கும். முதல் ரவுட்டரிலிருந்து சமையல்கட்டு வரை கேபிளை இழுத்து, அந்த முனையில் மாட்ட, பரணில் கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதன் முகவரியை 192.168.1.2 போல, முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி பங்கிடும் வேலை) அணைத்து, கேபிளை வான் (WAN, வெளி இணைப்புக்கானது) துளையில் இல்லாமல் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கானது) துளையில் செருக வேண்டும். இந்தத் துளை விஷயத்தில் நான் ஒரு சாயங்காலத்தையே தொலைத்தேன். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முதல் ரவுட்டரில் உள்ளவையே. 2.4-இல் மட்டும் முதல் ரவுட்டர் சேனல் 1 என்றால் இது 6 அல்லது 11. இப்போது சமையல்கட்டில் 47 வருகிறது. செலவு கேபிளும் எலக்ட்ரீஷியனின் அரை நாள் கூலியும்தான். அப்புறம் பிவிசி பைப். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குள் வரும். பைப் இல்லாத கேபிளை விட்டுவைக்காது.

கொல்லை தாண்டி மோட்டார் கொட்டகைக்கும் வேண்டுமென்றால் செம்புக் கேபிளை வெளியில் இழுக்காதீர்கள். ஐப்பசி இடிக்கு இரண்டு முனைப் பெட்டிகளும் போய்விடலாம். அங்கே ஃபைபர்தான் சரி, அது மின்சாரத்தைக் கடத்தாது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் கடையிலேயே யோசியுங்கள். 12 வோல்ட் ரவுட்டர் என்றால் சின்ன யுபிஎஸ் தாங்கும். மெஷ் மூன்று பெட்டி என்றால் யுபிஎஸ்ஸும் மூன்று. சுவர் பிளக்கில் நேராகச் செருகும் ரிப்பீட்டரை அந்தச் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டவே முடியாது. வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால்தான் உண்டு.