ஒரே நாளில் மூன்றுமா, தயாரானது தயாரானபடியா?

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் ஒரு கருவிக்குப் புதுப் பதிப்பு என்றாலே முதலில் எழும் சண்டை இதுதான். மூன்றையும் சேர்த்து விடுவதா, எது முதலில் தயாரோ அதை முதலில் விடுவதா?

சேர்த்து விட்டால் ஒரே அறிவிப்பு, ஒரே பதிப்பு எண். 2.4-இல் பக் (பிழை) என்று ஒருவர் எழுதினால், எந்த 2.4 என்று திருப்பிக் கேட்க வேண்டாம். ஆனால் மூன்றில் எது மெதுவோ, அதன் வேகம்தான் எல்லோருக்கும். மேக்கில் ஆப்பிளின் நோட்டரைசேஷன் (தீங்கு நிரல் இருக்கிறதா என்று ஆப்பிள் தானியங்கியாகச் சோதிப்பது) பெரும்பாலும் சில நிமிட வேலைதான். அதையே ஆப் ஸ்டோர் வழியாகக் கொடுத்தால் பரிசீலனை முடியும்வரை காத்திருக்க வேண்டும். விண்டோஸில் டிஜிட்டல் கையொப்பமிடாத புதுக் கோப்பு என்றால் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற பாதுகாப்புச் சோதனை நீலப் பெட்டியைக் காட்டிப் பயமுறுத்தும். இதற்கெல்லாம் லினக்ஸ்காரர் ஏன் காத்திருக்க வேண்டும்?

அப்படி நினைத்துத்தான் நானும் கொஞ்ச காலம் தயாரானபடி விட்டேன். லினக்ஸ் எப்போதும் முதலில். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே. உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பில் பில்ட் செய்து (நிரலை ஓடும் கோப்பாகக் கட்டி), சோதித்து, 2.4.0 என்று விட்டாயிற்று. அரை மணி நேரத்தில் பழைய உபுண்டு 20.04 வைத்திருந்த ஒருவரின் மடல்: ‘ஜிலிப்சி 2.34 இல்லை’ என்கிறதாம். ஜிலிப்சி (glibc) என்பது லினக்ஸ் நிரல்கள் பெரும்பாலும் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம். 22.04-இல் இருப்பது ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. ஆதரிக்க வேண்டியவற்றில் எது மிகப் பழையதோ அதில் கட்டியிருக்க வேண்டும். சரி, அப்படிக் கட்டி 2.4.1 விட்டேன். மேக்குக்கு இன்னும் 2.4.0-வே வரவில்லை! ‘எங்கள் 2.4.1 எங்கே’ என்ற மடல்களுக்குப் பதில் எழுதத்தான், திருத்தியதைவிட அதிக நேரம் போனது.

லாபமும் இல்லாமல் இல்லை. அமைப்புகள் கோப்பைப் புது வடிவத்துக்கு மாற்றும் இடத்தில் ஒரு பக் இருந்தது. லினக்ஸ்காரர்கள் முதலில் மாட்டியதால் மற்றவர்கள் தப்பினார்கள்.

ஆப் ஸ்டோரில் படிப்படியாக விடும் வசதியும் உண்டு: தானியங்கிப் புதுப்பிப்பு 7 நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று ஏறும். இணையதளத்தில் நேரடியாக இறக்கிக்கொள்பவர்களுக்கு இது உதவாது.

இப்போது நான் தயாரானபடி விடுவது 2.4.0-ஆர்சி.1 மாதிரியான சோதனைப் பதிப்புகளை மட்டும் (ஆர்சி என்றால் இறுதிப் பதிப்புக்கு முந்தைய ‘ரிலீஸ் கேண்டிடேட்’). இறுதிப் பதிப்பு மூன்றுக்கும் ஒரே நாள். பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பதிப்பென்றால் இதில் பேச்சுக்கே இடமில்லை. நிரலை யாரும் படிக்கக்கூடிய திறமூலக் கருவியில் லினக்ஸுக்கு மட்டும் திருத்தம் போனால், விண்டோஸில் எங்கே தட்ட வேண்டும் என்று தாக்குபவர்களுக்கு நாமே காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

விண்டோஸில் மட்டும் திருத்தம் என்றாலும் மூன்றுக்கும் எண் ஏறும். மாற்றக் குறிப்பில் ‘மேக், லினக்ஸ்: மாற்றம் இல்லை’ என்று ஒரு வரி. சும்மா இறக்க வைத்தீர்களே என்று சிலர் திட்டுகிறார்கள், திட்டட்டும்.