ஹாஃப் இன்ஜினா, ஃபுல் இன்ஜினா, இசுசுவா?

எங்கள் 1973 அம்பாசடர் மார்க் 2 போன வருஷம் பெட்ரோலோடு ஆயிலும் குடிக்க ஆரம்பித்தது. மெக்கானிக் மூன்று வழி சொன்னார். ஒன்று ஹாஃப் இன்ஜின் வேலை, இரண்டு ஃபுல் இன்ஜின் வேலை, மூன்றாவது பழையதைத் தூக்கிவிட்டு இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜினை வைப்பது. நான் ஃபுல் இன்ஜின் செய்துவிட்டேன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஹாஃப் இன்ஜின் என்றால் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வால்வு தேய்த்து, பிஸ்டனுக்குப் புது ரிங், கேஸ்கெட் போட்டு மூடுவது. எனக்குச் சொன்ன விலை 18 ஆயிரம். போர், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்சுவர், நன்றாக இருந்தால் இதுவே போதும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு: சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் (கம்ப்ரெஷன்) வருகிறது என்று பார்த்துவிட்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடியும் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் தேய்ந்தது ரிங்கும் போரும், ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகப்படலாம். எங்கள் வண்டியில் இரண்டு சிலிண்டர்களில் சட்டென்று ஏறியது. வட்டம் போன போரில் புது ரிங் எத்தனை நாள் தாங்கும்?

ஃபுல் இன்ஜின் என்றால் போரைக் கடைந்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கையும் சீராக்குவது. அதற்கு முதலில் சொன்னது 45 ஆயிரம், கடைசியில் ஆனது 71 ஆயிரம். யாரும் ஏமாற்றவில்லை. பிரித்து மைக்ரோமீட்டர் வைக்கும்வரை எந்த மெக்கானிக்காலும் சரியான விலை சொல்ல முடியாது. எங்கள் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) ஏற்கனவே ஒருமுறை போரைக் கடைந்து அகலமாக்கியிருந்தார்கள். இப்போது 30 ஓவர்சைஸ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு கூடுதலான பிஸ்டன். கிராங்கையும் லேத்தில் கிரைண்டிங் செய்து அதற்கேற்ற பேரிங் போட்டோம். எதிர்பாராமல் சேர்ந்தது வால்வு சீட், அதாவது வால்வு வந்து உட்காரும் வளையம். எங்கள் 1489 சிசி இன்ஜினின் வார்ப்பிரும்பு ஹெட், சீட் தேயாமல் ஈயம் காத்துவந்த, ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000-க்குப் பிறகு இந்தியாவில் அந்த பெட்ரோல் கிடையாது. ஹெட் எப்படியும் மேசை மேல் இருக்கிறது, கடின சீட் போட இதைவிட நல்ல நேரம் வராது.

இசுசுவைக் குறை சொல்ல மாட்டேன். 1817 சிசி, ஐந்து கியர், நெடுஞ்சாலையில் சுகம். நண்பர் ஒருவரின் மார்க் 4-இல் ஓட்டிப் பார்த்ததுதான் என் அனுபவம், அதுவும் ஒரே நாள். கியர்பாக்ஸோடு அவருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஸ்டீயரிங் ஓரத்தில் இருந்த பழைய கியர் கம்பியும் போய்விட்டது.

ஆனால் என்னை நிறுத்தியது பணமில்லை, இன்ஜின் நம்பர். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதலோடு ஆர்.சி.யில் புது நம்பர் ஏற வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய இன்ஜினுக்கு ஒழுங்கான பில் கிடைப்பதே பெரும்பாடு. அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி என்னவானது என்று கேட்டால் பதில் வேண்டும். நண்பர் இன்னும் அந்தக் காகிதத்துக்குத்தான் அலைகிறார். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்த நம்பரைப் பார்ப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. 50 வருஷம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிய 2021-இல் விதி வந்தது. கட்டணம் 20 ஆயிரம், செல்லுபடி 10 வருஷம். சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் மாற்றியமைத்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் நான் இன்னும் போகவில்லை. எங்கள் வண்டியை விலைக்குக் கேட்டு வந்த இருவரும், பெயின்டைப் பார்ப்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்து நம்பரைத்தான் தேடினார்கள். போர், கிராங்க் வேலைக்கான பில்களை ஆர்.சி.யோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் 60-க்கு மேல் போகாமல் ஓட்டி முடித்தாயிற்று. புகை சுத்தமாக நின்றுவிட்டது. ஆயில் சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. இந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலை உள்ளே திருப்பிவிடும் திருகு வரிகள்தான். அப்புறம் என்ன, ஷெட்டில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துவிட்டேன்.