பனிக்கால டூருக்கு வாங்கின சாமான்ல எது உருப்படி, எது தண்டம்

போன குளிர்காலத்துல எங்க பேண்டுல நாங்க நாலு பேரு, ஒரு வாடகை வேன், 19 நாள், 14 ஷோன்னு ஒரு பெரிய சுத்து சுத்திட்டு வந்தோம். கையில காசு ரொம்ப கம்மி. ஏன்டா குளிர்ல போய் மாட்டினீங்கன்னு எல்லாரும் கேட்டுட்டாங்க, காரணம் சிம்பிள்தான், அந்த மாசத்துல ரோட்டுக்கு வர்ற பேண்டு கம்மி, சின்ன வென்யூக்கள்ல தேதி காலியா கிடந்துச்சு, கேட்டதும் குடுத்தாங்க. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே உக்காந்து லிஸ்ட் போட்டு சாமான் வாங்கினோம். அதுல பாதி உயிரைக் காப்பாத்துச்சு, மீதியை யாராவது ஓசியில கேட்டா இப்பவே குடுத்துடுவேன்.

முதல் மார்க் ஹைக்ரோமீட்டருக்கு. தீப்பெட்டி சைஸ்ல இருக்கும், காத்துல ஈரப்பதம் எவ்வளவுன்னு காட்டும், நாங்க வாங்கினதுலயே மலிவு அதுதான். இதெல்லாம் எதுக்குன்னு நான்தான் முதல்ல சிரிச்சேன். மூணாவது நாள் தங்கின ரூம்ல அதை எடுத்து மேஜை மேல வச்சா 24 சதவீதம் காட்டுது. மர வாத்தியத்துக்கு 45ல இருந்து 55 வரைக்கும் இருக்கணும். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு பனி, உள்ளே பாலைவனம்! பனி பெய்யுதே, ஈரம்தானே இருக்கணும்னு நானும் நினைச்சேன். விஷயம் என்னன்னா குளிர்ந்த காத்தால ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்க முடியாது. 0 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 5 கிராம் போல தண்ணி தாங்கும், 20 டிகிரியில 17 கிராம் தாங்கும். வெளிக்காத்தை உள்ளே இழுத்து ஹீட்டர் சூடாக்குது, தண்ணி அதே 5 கிராம்தான், ஆனா இப்ப 17க்கு 5. அதான் 24, 28ன்னு நிக்குது. வெளியே மைனஸ் 10னா இன்னும் மோசம், 15க்குக் கீழயே போயிடும்.

கிட்டார்ல இது முதல்ல தெரியுற இடம் ஃப்ரெட் முனை, அதாவது கழுத்துல குறுக்கே பதிச்சிருக்குற உலோகக் கம்பியோட ஓரம். மரம் சுருங்கும், உலோகம் அப்படியே நிக்கும், கழுத்தை விரலால தடவிப் பாத்தா ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி குத்தும். அதையும் கவனிக்காம விட்டா மேல்பலகை உள்வாங்கி கடைசில விரிசல்தான். தோல் கட்டின வாத்தியம் வச்சிருக்கவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், காஞ்ச காத்துல தோல் இறுகி சுருதி மேல ஏறிக்கிட்டே போகும்.

ஒரு விஷயம், மலிவு ஹைக்ரோமீட்டரை வாங்கின கையோட நம்பிடாதீங்க. ஒரு பாட்டில் மூடியில சாப்பாட்டு உப்பைப் போட்டு ரெண்டு மூணு சொட்டு தண்ணி விட்டு சேறு மாதிரி ஆக்கி, மீட்டரோட சேத்து ஜிப் பையில அடைச்சு ஒரு ராத்திரி வைங்க. காலைல 75 காட்டணும். ஈர உப்பு மூடின பைக்குள்ள எப்பவும் 75ல கொண்டு போய் நிறுத்தும். எங்களோடது 70 காட்டுச்சு, அதனால பின்னாடி 5 கூட்டிக்கன்னு எழுதி ஸ்டிக்கர் ஒட்டிட்டோம். அப்ப அந்த 24ங்கிறது நிஜத்துல 29ன்னு வச்சுக்கலாம், அதுவும் ஆபத்துதான்.

இதுக்கு மருந்து, பெட்டிக்குள்ள போடுற ஈரப்பத பாக்கெட். போவேடா கம்பெனியோடதுல 49னு நம்பர் போட்டது மர வாத்தியத்துக்குன்னு விக்கிறாங்க, அதைத்தான் போட்டேன். அதிகமா இருந்தா உறிஞ்சும், கம்மியா இருந்தா விடும், நாம எதுவும் பாக்க வேண்டியதில்ல. ரெண்டு நாள்ல பெட்டிக்குள்ள 44க்கு வந்துச்சு, அதுக்கப்புறம் பெருசா அசையவே இல்ல. பாக்கெட் கையில மொத்தையா, நெகிழ்வா இருக்குற வரைக்கும் ஓடும், அப்பளம் மாதிரி விறைச்சா ஆயுசு முடிஞ்சதுன்னு அர்த்தம். குறைன்னு பாத்தா, துணியில தைச்ச வாத்தியப் பையில (கிக் பேக்) போட்டா சீக்கிரம் தீந்துடும், ஏன்னா பை எல்லாப் பக்கமும் காத்து விடுது. கெட்டிப் பெட்டி வேணும். எங்க பேஸ் வாசிக்கிறவன் ஒரு ரூபா செலவில்லாம பழைய சோப்பு டப்பால ஓட்டை போட்டு ஸ்பாஞ்ச நனைச்சு வச்சான், அதுவும் வேலை செஞ்சுது, ஆனா நல்லா பிழியணும், மரத்துல படக்கூடாது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மறக்காம நனைக்கணும். நான் மறதி ஆளு, எனக்கு பாக்கெட்தான் சரி. ரூம்ல ராத்திரி ஈரத் துண்டு ரெண்டைக் காயப்போடுறதும் நல்ல பலன் குடுத்துச்சு, பாடுற பொண்ணுக்கு தொண்டை அடைக்கிறது அதுலயே பாதி குறைஞ்சுது.

அடுத்து காசே ஆகாத ஒண்ணு: பெரிய சைஸ் குப்பைப் பை. மூக்குக் கண்ணாடி போட்டவன் குளிர்ல இருந்து உள்ளே வந்ததும் கண்ணாடி மங்குதுல்ல, அதே கதைதான் கீபோர்டு உள்ளே இருக்குற போர்டுலயும் நடக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியாது அவ்ளோதான். வேன்ல இருந்து இறக்குறதுக்கு முன்னாடியே கீபோர்டையும் ஆம்ப்ளிஃபையரையும் பைக்குள்ள போட்டு காத்து போகாம கட்டிட்டா ஈரம் பை மேல படியும், உள்ளே போகாது. உள்ளே கொண்டு வந்ததும் அப்படியே ஒரு மணி நேரமாவது விடணும், கொஞ்சம் பெரிய ஐட்டம்னா இன்னும் நேரம். கிட்டார் பெட்டியும் அப்படித்தான், திறக்கவே கூடாது, பூட்டின பெட்டிக்குள்ளயே மெதுவா சூடேறட்டும். நைட்ரோ லாக்கர்ங்கிற பழைய வகை வார்னிஷ் பூசின கிட்டார் இருந்தா சடார்னு திறந்த உடனே பூச்சுல மயிரிழை மயிரிழையா வெடிப்பு விழும், அப்புறம் உக்காந்து அழ வேண்டியதுதான். இதுல பெரிய சண்டை சவுண்டு இன்ஜினியர்கூடதான் வரும், அவருக்கு நீங்க வந்து இறங்கின அடுத்த நிமிஷம் லைன் செக் வேணும், அதாவது ஒவ்வொரு வாத்தியத்தோட சத்தமும் வருதான்னு பாக்கணும். அதனால புக்கிங் பேசுறப்பவே, எங்களுக்கு சாமான் இறக்குற நேரம் (லோட் இன்) ஒரு மணி நேரம் முன்னாடி வேணும், சாமான் சூடேறணும்னு எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. நாலு இடத்துல கேட்டோம், நாலுலயும் சரின்னுட்டாங்க. கேக்காம விட்ட இடத்துலதான் மூஞ்சியைத் தூக்கினாங்க.

ட்யூனிங் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு ஷோவுக்கு ட்ரம்பெட் வாசிக்கிற நண்பர் ஒருத்தர் கூட சேந்தார். காத்து வாத்தியத்துல ஒரு டிகிரி குறைஞ்சா கிட்டத்தட்ட 3 சென்ட் (அரைச் சுரத்தை நூறாப் பிரிச்சா அதுல ஒண்ணுதான் சென்ட்) சுருதி இறங்கும், சத்தம் குளிர்ந்த காத்துல மெதுவா போறதால. பத்து டிகிரின்னா 30 சென்ட், காதுல நல்லாவே உறுத்தும். கம்பி வாத்தியம் நேர் எதிரு, குளிர்ல ஏறி நிக்கும், மேடை லைட்ல சூடேற ஏற இறங்கும். ரெண்டும் ஒரே மேடையில இருந்தா முதல் பாட்டு எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. மரக் கிளாரினெட் மாதிரி வாத்தியம் வச்சிருக்கவங்க ஜில்லுனு இருக்கறப்ப சூடா ஊதவே கூடாது, வெடிச்சிடும்.

இப்ப வேனுக்கு வருவோம், வயித்தெரிச்சல் எல்லாம் இங்கதான். வாடகைக் கம்பெனி பேரு வேணாம். போன்ல அவ்வளவு தன்மையா பேசினாங்க, விண்டர் டயர் போட்டுத்தான் சார் தருவோம்னாங்க. அட்வான்ஸ் கட்டிட்டு வண்டி எடுக்கப் போனா டயர்ல எம் ப்ளஸ் எஸ்னு, அதாவது மட் ப்ளஸ் ஸ்னோன்னு மட்டும் இருக்கு. அது டயர் தயாரிக்கிறவன் தானே போட்டுக்குற முத்திரை. நிஜ பனி டயர்ல மூணு சிகரம் வச்ச மலை, அதுக்குள்ள ஒரு பனிப்பூ படம் இருக்கும், டெஸ்ட்ல பாஸானாதான் அது கிடைக்கும். கேட்டா ரெண்டும் ஒண்ணுதான்னு சாதிச்சாங்க. சாதா டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போனாலே கெட்டியாக ஆரம்பிச்சுடும், பனியே இல்லாத ரோட்டுலயும் பிடிமானம் குறையும். அரை மணி நேரம் வாக்குவாதம் பண்ணி வேற வண்டி மாத்தி வாங்கினோம், அது ஒண்ணுதான் நாங்க அங்க உருப்படியா செஞ்ச காரியம். மாத்தின வண்டில பேட்டரி சொத்தைங்கிறது அப்ப தெரியாது.

மூணாவது ராத்திரி ஷோ முடிஞ்சு ஒன்றரை மணிக்கு சாவியைத் திருப்பினா டிக் டிக்னு மட்டும் சத்தம். குளிர்ல பேட்டரியோட சக்தி இறங்கும், அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகி, சுத்த இன்னும் அதிக சக்தி கேக்கும், ரெண்டு பக்கமும் அடி. செத்த பேட்டரி வண்டியைக் கிளப்புற ஜம்ப் ஸ்டார்ட்டர் பவர் பேங்க் ஒண்ணு வாங்கி வச்சிருந்தோம், ஒரே தடவைல கிளப்பிடுச்சு. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு ராத்திரிக்கே அதுக்குப் போட்ட காசு வந்துடுச்சு. ஆனா அதை வேன்ல விட்டுட்டு போயிடாதீங்க, அதுவும் லித்தியம்தான், அதுக்கும் குளிரும். ரூமுக்கு எடுத்துட்டு போங்க. 0 டிகிரிக்குக் கீழ இருக்குறப்ப லித்தியம் பேட்டரி எதையும் சார்ஜ் போடவும் கூடாது, உள்ளே நிரந்தரமா கெட்டுப்போகும், வயர்லெஸ் மைக் பேட்டரி, போன், எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

டீசல் வண்டின்னா இன்னொண்ணு. கதகதப்பான ஊர்ல டேங்கை நிரப்பிட்டு மலைப்பக்கம் ஏறினா டீசல்ல மெழுகு கட்டி ஃபில்டர் அடைச்சுக்கும். குளிர் ஊர் பம்ப்ல குளிர்கால டீசலே விப்பாங்க, கீழ கொஞ்சமா போட்டுட்டு மேல போய் நிரப்பணும். எப்பவும் பாதி டேங்க்குக் கீழ விடாதீங்க, ரோட்டுல மாட்டினா ஹீட்டர் ஓட அதுதான் இருக்கு. அப்படி மாட்டி இன்ஜினை ஓடவிட்டு உக்காந்திருந்தா, முதல்ல இறங்கி புகைக்குழாயைச் சுத்தி பனியைத் தோண்டி எடுங்க. குழாய் அடைச்சா கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும், வாசனையே கிடையாது, தூங்கினவன் எந்திரிக்க மாட்டான். அதுக்கு ஒரு சின்ன அலாரம் வாங்கி டேஷ்போர்டுல வச்சோம், 19 நாளும் கத்தவே இல்ல, அப்படியும் அடுத்த தடவை அது இல்லாம கிளம்ப மாட்டேன். வேனுக்குள்ள கேஸ் அடுப்பு பத்தவைக்கிற ஐடியா இருந்தா இப்பவே விட்டுடுங்க.

பனியில வழுக்காம இருக்க டயர்ல மாட்டுற சங்கிலியை வீட்டு வாசல்லயே ஒரு தடவை மாட்டிப் பழகிட்டு போங்க. நாங்க பழகல. இருட்டுல, டார்ச்சை வாய்ல கவ்விக்கிட்டு, பல்லு தந்தியடிக்க ரெண்டு பேரு 50 நிமிஷம் போராடினோம், அன்னிக்கு கிட்டார் வாசிச்ச விரலு விரலாவே இல்ல.

தண்டம்னு சொன்னேன்ல, அதுல முதல் பரிசு சிகரெட் லைட்டர்ல சொருகுற குட்டி ஹீட்டருக்கு. பெட்டி மேல நிமிஷத்துல கதகதப்புன்னு போட்டிருந்தான். கணக்கு போட்டுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், அந்த சாக்கெட்ல 12 வோல்ட், ஃபியூஸ் பெரும்பாலும் 10, 15 ஆம்பியர், அதிகபட்சம் 180 வாட் வரும். முடி காய வைக்கிற டிரையரே ஆயிரம் வாட்டுக்கு மேல இழுக்கும். ஒரு வேன் முழுக்க சூடேத்த 180 வாட்ங்கிறது யானைப் பசிக்கு சோளப்பொரி. ரெண்டாவது பரிசு பேட்டரி க்ளவுஸ், அதைப் போட்டுக்கிட்டு கேபிள் சுத்த முடியல, கழட்டினா விரலு விறைக்குது.

அதுக்கு பதிலா கை சூடாக்குற சின்னப் பாக்கெட் வாங்குங்க. உள்ளே இரும்புத் தூள், காத்து பட்டா துருப்பிடிச்சு சூடாகும், எட்டு மணி நேரம் போல தாங்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, ஷோவுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வச்சுட்டு, காத்தை நல்லா அழுத்தி வெளியேத்தி ஜிப் பையில மூடிட்டா துருப்பிடிக்கிறது நின்னுடும், மறுநாள் திறந்தா திரும்ப சூடாகும். ஒரு பாக்கெட்ட மூணு ஷோவுக்கு ஓட்டினேன், மூணாவதுல கொஞ்சம் சோம்பலாதான் இருந்துச்சு.

ஸ்லீப்பிங் பேக் வாங்கறவங்க பெரிய எழுத்துல போட்டிருக்குற டிகிரியை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஐஎஸ்ஓ 23537ங்கிற ஸ்லீப்பிங் பேக் தரநிலை லேபிள்ல கம்ஃபர்ட், லிமிட்னு ரெண்டு இருக்கும், லிமிட்ங்கிறது சுருண்டு படுத்து எப்படியோ தாக்குப்பிடிக்கிற கணக்கு, நிம்மதியா தூங்கறது கம்ஃபர்ட்லதான். கடைக்காரன் எதைக் காட்டுவான்னு உங்களுக்கே தெரியும். அடியில விரிக்க ஃபோம் பாய் இல்லாட்டி எந்த பேக்கும் பிரயோஜனமில்ல, உடம்புக்கு அடியில இருக்குற பஞ்சு நசுங்கி தரைக்குளிர் நேரா ஏறும். வேன்ல ஒரே ஒரு ராத்திரி படுத்தோம், அதோட யார் வீட்டுத் தரையா இருந்தாலும் பரவால்லன்னு ஆயிடுச்சு. வாத்தியத்தை மட்டும் ஒரு ராத்திரி கூட வேன்ல விடல, குளிர் ஒரு பக்கம், திருட்டு பயம் ஒரு பக்கம், மாடிப்படி எத்தனை இருந்தாலும் தூக்கிட்டுதான் போனோம்.

ஸ்டீல் ஃப்ளாஸ்க், எக்ஸ்ட்ரா சாக்ஸ், இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. விக்கறதுக்கு டி-ஷர்ட்டை விட கம்பளித் தொப்பி கொண்டு போங்க, எங்களுக்கு ஆறாவது ஷோலயே தீந்துடுச்சு, சிடி பாதி திரும்பி வந்துச்சு.

அட்வான்ஸ்ல பாதிதான் திரும்ப வந்துச்சு, வண்டிக்குள்ள உப்புக் கறைன்னு காரணம் சொன்னாங்க, ரோட்டுல தூவின உப்பு ஷூல ஒட்டி வராம வேற எங்க போகும்? அடுத்த பிப்ரவரிக்கு வேற இடத்துல வண்டி சொல்லியாச்சு, டயர், பேட்டரி ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிருக்கேன். ஹைக்ரோமீட்டர்ல மட்டும் பேட்டரி தீந்துடுச்சு, சிஆர் 2032 ஒண்ணு வாங்கணும்.