டெக்சஸில் பிள்ளையுடன்: தூண்டிலா, துப்பாக்கியா?

பன்னிரண்டு வயதுப் பிள்ளையை முதலில் எதற்கு அழைத்துப் போவது, மீன்பிடிக்கவா வேட்டைக்கா என்று டெக்சஸ் நண்பர்கள் கேட்கிறார்கள்.

செலவு: 17 வயதுக்குக் கீழ் மீன்பிடிக்க உரிமம் வேண்டாம்; பிடிக்கும் அளவு வரம்பு மட்டும் உண்டு. வேட்டைக்குச் சிறுவர் உரிமம் 7 டாலர்.

பயிற்சி: தூண்டிலுக்கு இல்லை. வேட்டைக்கு 9 முதல் 16 வயதுவரை பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். இல்லையேல் உரிமமும் தகுதியும் உள்ள பெரியவர், கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும். சான்றிதழ் இருந்தாலும் என் பிள்ளையைத் தனியே அனுப்ப மாட்டேன். புதருக்குப் பின்னால் அசைவது மானா மனிதனா என்று பதறாமல் பார்க்க, அந்த வயதில் தோளில் ஒரு கை வேண்டும்.

இரண்டு மணி நேர ஓய்வுதான் என்றால் தூண்டில். நெளியும் மண்புழுவை முள்ளில் கோப்பதிலேயே பிள்ளை மூழ்கிவிடும். பொறுமையும் உடன்வர அனுபவசாலியும் இருந்தால் வேட்டை.